மாட்டுத் தொட்டியில் ஒரு வயல்

வடகடல் ஓரத்தில் எங்களைக் கொண்டுபோய் விட்ட கிராமத்தில் கடை என்று ஒன்றுதான் இருந்தது. அங்கே அரிசியைப் பெட்டியில் விற்றார்கள். பெட்டிக்குள் ஓட்டை போட்ட பிளாஸ்டிக் பை, பைக்குள் அரிசி. பையோடு கொதிநீரில் போட்டு, பையோடு தூக்கி எடுக்க வேண்டுமாம். எண்பத்தேழாம் ஆண்டு மார்கழி மாதம், அந்தப் பெட்டியை நான் நம்பிக்கையில்லாமல் திருப்பிப் பார்த்துக்கொண்டு நின்றபோது, பக்கத்தில் நின்ற ஒரு பெண் ஆங்கிலத்தில், "அது சோறில்லை, மருந்து" என்றார்.

குள்ளமான உருவம், சேறு படிந்த ரப்பர் சப்பாத்து, தடித்த கம்பளிச் சட்டை. சட்டையின் நெஞ்சில் ஒரு சின்னக் கறுப்பு நாடா ஊசியால் குத்தியிருந்தது. நான் அவரைச் சீனப் பெண் என்று நினைத்தேன். அவர் என்னை இந்தியா என்று நினைத்தார். இரண்டு பேருமே முகத்தைச் சுளித்துக்கொண்டு எங்கள் நாடுகளைத் திருத்திச் சொன்னோம். அவர் பிலிப்பைன்ஸ். தாதியாக வந்து, ஆஸ்பத்திரி ஒப்பந்தம் முடிந்ததும், அந்தக் கிராமத்துக் கமக்காரர் ஒருவரைக் கலியாணம் செய்துகொண்டு மாட்டுப் பண்ணையில் இருக்கிறார். என்னை விடப் பத்து வயதாவது கூட. தங்கள் ஊரிலும் மூத்தவளைப் பெயர் சொல்லி அழைப்பதில்லை என்று அவர் சொன்னதால், அன்றிலிருந்து அவரை அக்கா என்றே அழைத்தேன்.

எங்கள் பேச்சு பாதி ஆங்கிலம், பாதி ஜெர்மன், மீதி கையும் முகமும். ஆனால் அவர் சொன்னவை என் காதில் எங்கள் தமிழிலேயே தங்கியிருக்கின்றன. அப்படியே எழுதுகிறேன்.

நானும் கணவரும் கிழக்கு பெர்லின் வழியாக வந்து ஒரு வருடம் ஆகியிருந்தது. கடலணைக்குப் பக்கத்தில் இருந்த ஒரு பழைய தங்குமடத்தை அகதிகளுக்கான ஹைம் ஆக்கி, எங்களைப் போல் சில குடும்பங்களை அதில் அடைத்திருந்தார்கள். வேலை செய்ய அனுமதி இல்லை. மாவட்ட எல்லையைத் தாண்டவும் அனுமதி இல்லை. சாப்பிடவும் நித்திரை கொள்ளவும் அனுமதி இருந்தது. என் கணவர் ஊரில் கச்சேரி என்ற அரசாங்க அலுவலகத்தில் எழுதுவினைஞராக இருந்தவர். சும்மா இருப்பது அவருக்கு அவ்வளவு கஷ்டமாக இருக்கவில்லை. நான் முல்லைத்தீவுப் பக்கம் வயலும் கடலுமாக வளர்ந்தவள். சும்மா இருந்தால் எனக்குச் சண்டைதான் வரும். ஹைமில் எல்லாரோடும் ஒரு சுற்றுச் சண்டை பிடித்து முடித்திருந்த காலத்தில்தான் அக்கா கிடைத்தார்.

வாரத்தில் இரண்டு மூன்று நாள் அவர் வீட்டுக்குப் போவேன். அவர் மாட்டுப் பால் கொதிக்க வைத்துத் தேத்தண்ணீர் தருவார். பிறகு தன் ஊரைப் பற்றிப் பேசுவார். ஒரு தீவு, அதன் ஓரத்தில் சின்னப் பட்டணம். ஒரு தேவாலயம், ஒரு சந்தை, ஒரு நகரசபைக் கட்டிடம், ஒரு கடற்கரை வீதி. வீதிக்கு ஒரு பக்கம் கடல், மறுபக்கம் மலையடி வரை வயல். வயலில் வேலை இல்லாத மாதங்களில் ஆண்கள் வள்ளத்தில் போவார்கள். வெட்டுக் காலத்தில் வீதியின் பாதியில் பாய் விரித்து நெல் காயப்போடுவார்கள். பஸ் மறுபாதியால்தான் போக வேண்டும். நெல்லுக்கு மேல் ஏற்றிய பஸ்காரனுக்கு அந்த ஊரில் யாரும் கைகாட்டி ஏறமாட்டார்களாம். புயல் வந்தால் முதலில் தேவாலயக் கூரையும் அடுத்து வாழையும் போகும், நெல் படுத்துவிட்டு எழும்பும் என்றார்.

எனக்கு அந்த ஊர் நன்றாகப் பிடித்துப்போனது. நான் இருந்த ஜெர்மன் கிராமத்தின் தபாற்கந்தோர் எங்கே என்று கேட்டால் யோசித்துத்தான் சொல்வேன். ஆனால் அக்காவின் ஊரில் எந்த வாய்க்கால் எந்த வயலுக்குப் போகிறது என்று எனக்குத் தெரியும்.

அந்தக் கறுப்பு நாடாவின் கதையைத் தை மாதம் சொன்னார். முந்தின ஒக்டோபரில் அவருடைய தாய் இறந்துவிட்டார். அவர்கள் ஊரில் வெளிநாட்டுப் பிள்ளை வந்து சேரட்டும் என்று பிரேதத்தை வைத்துக் காத்திருப்பார்கள். வாசலில் ஆட்கள் சீட்டு விளையாடி, கோப்பி குடித்து, விழித்திருப்பார்கள். அக்காவுக்காக ஒரு கிழமைக்கு மேல் காத்திருந்தார்கள். அக்கா போகவில்லை.

"என்ர மனுசன் கேட்டது ஒண்டே ஒண்டுதான். மாடுகளை ஆர் கறக்கிறது எண்டு. மாடுகள் கன்று போடுற நேரம், வேலைக்கு ஆளில்லை. அதுக்குப் பிறகு அவரோட தேவைக்கு மட்டும்தான் கதைக்கிறன்."

கமக்காரர் அப்போது முற்றத்தில் பால் கான்களைக் கழுவிக்கொண்டிருந்தார். நெடுத்த, சிவந்த, வாய் பேசாத மனிதர். கெட்டவர் என்று சொல்ல முடியாது. ஆனால் எனக்கு அவரைப் பார்க்கவே எரிச்சலாக இருந்தது.

அவர்கள் ஊர் வழக்கப்படி துக்கம் ஒரு வருடம். ஆண்டு நிறைவன்று சொந்த வயலில் விளைந்த, பசைபோல் ஒட்டும் அரிசியில் இனிப்புச் செய்து, வந்தவர்களுக்குக் கொடுத்து, சாப்பிட்டு முடிந்ததும் கறுப்பைக் கழற்ற வேண்டும். அம்மாவின் வயலோ இறந்த கையோடு விலைப்பட்டுவிட்டது. வாங்கியவன் கடல்நீரை உள்ளே விட்டு இறால் வளர்க்கிறான். அம்மா அடுப்புக்கு மேல் விதைக்காகத் தொங்கவிட்டிருந்த கதிர்களைத் தங்கச்சி உதிர்த்து, லீவில் வந்து திரும்பிய ஒரு தாதியிடம் கொடுத்தனுப்பியிருந்தார். அக்கா அதைக் கொண்டுவந்து காட்டினார். ஒரு பால்மா டின்னில் பாதி.

"இதை இஞ்ச விளைவிக்கப் போறன்," என்றார்.

"கடை அரிசியில செய்தால் ஆரும் ஏதும் சொல்லுவினமோ?" என்று கேட்டேன்.

"ஒருத்தரும் சொல்லமாட்டினம். ஆனா நான் போகவுமில்லை. இதையாவது ஒழுங்காச் செய்யவேணும்."

ஜெர்மனியில் நெல் விளையாது என்று எவருக்கும் தெரியும். எனக்கும் தெரியும். ஆனால் பங்குனியில் பண்ணையின் தாழ்ந்த மூலையில் சப்பாத்தைக் கழற்றிவிட்டுக் காலை வைத்துப் பார்த்தேன். குளிர் எலும்பில் ஏறியது. மண்ணோ நல்ல களி, கால்விரல்களுக்கிடையில் வழுக்கிக்கொண்டு ஏறியது. அந்தப் பக்கம் முழுவதும் ஒரு காலத்தில் கடலாக இருந்து மீட்ட நிலம். "அக்கா, மண் திறம்," என்றேன். மாடுகளின் கால் புதைவதால் அந்த மூலை கமக்காரருக்குத் தேவைப்படவில்லை. எடுத்துக்கொள் என்று கையால் காட்டிவிட்டுப் போனார்.

முதலில் விதைப்பதில் சண்டை. எங்கள் பக்கம் முளை நெல்லை வீசி விதைப்போம். அவர்கள் நாற்று நட்டு மட்டுமே பழகியவர்கள். வீசி விதைப்பது கோழிக்குத் தீன் போடுகிற மாதிரி என்றார். எனக்குக் கோபம் வந்து இரண்டு நாள் போகவில்லை. மூன்றாம் நாள் போனபோது அவர் டின்னில் இருந்த அவ்வளவு நெல்லையும் ஒரே தடவையில் ஊறப்போட்டு, சாக்கில் கட்டி, அடுப்புக்குப் பக்கத்தில் முளைக்க வைத்திருந்தார்.

"எல்லாத்தையுமோ? கொஞ்சமாவது வைக்கேல்லையோ?"

"விதைநெல்லை ஆரேனும் பாதி ஊறவைக்கிறவையோ?" என்று என்னைத் திருப்பிக் கேட்டார். அவர் கேட்டது நியாயம்தான். நானும் ஊரில் அப்படித்தான் செய்திருப்பேன். மழை வரும், வயல் இருக்கும், அடுத்த போகம் வரும் என்று நம்பிய கைகள் அப்படித்தான் பழகியிருக்கின்றன. ஜெர்மனியில் அந்த நம்பிக்கைக்கு இடம் இல்லை என்று இருவருக்கும் தோன்றவில்லை.

மரப்பெட்டிகளில் ஜன்னல் ஓரம் நாற்று வளர்ந்தது. வைகாசி கடைசியில் நட்டோம். அவர்கள் ஊரில் நடும்போது வரம்பில் ஒருவர் நின்று கிட்டார் வாசிப்பாராம். தாளத்துக்குக் கை ஓடும், நிரை கோணாது என்றார். எங்கள் ஊரில் வரம்பில் கிட்டார்காரனை விட்டால் குமர்ப்பிள்ளைகளின் தகப்பன்மார் வேலையை நிறுத்திவிடுவார்கள். கிட்டார் இல்லாததால் என் கணவரை வரம்பில் உட்கார்த்தி ஒரு பிளாஸ்டிக் வாளியைக் கொடுத்தோம். அவருக்குத் தாளம் வராது. வாளியில் அவர் அடித்த அடிக்கு எங்கள் நிரை பாம்பு போனது போல் போனது. பிறகு அவரையும் சேற்றுக்குள் இறக்கினோம்.

"வயல் சேற்றில கால் வைச்ச எல்லாருக்கும் அந்த விளைச்சலில பங்கு இருக்கு. கூப்பிட்டுச் சாப்பாடு குடுக்கவேணும். அது எங்கட ஊர்ச் சட்டம்," என்றார் அக்கா.

நட்டு முடிந்ததும் தண்ணீர் வேண்டும். பக்கத்தில் ஒரு நீண்ட வாய்க்கால் ஓடியது. நாங்கள் இருவரும் ஒருவரை ஒருவர் கேட்கவும் இல்லை. புல்லுப் பாளத்தை வெட்டி, களியைக் குழைத்து, இரண்டு பலகையை வைத்து, வாய்க்காலைக் குறுக்கே மறித்தோம். தண்ணீர் ஏறி, நாற்றின் காலை நனைத்துக்கொண்டு நின்றது. எவ்வளவு அழகாக இருந்தது! அதைப் பார்த்து எனக்குக் கண் கலங்கிவிட்டது. கலங்கியதைக் கணவர் கவனித்துவிட்டார் என்று அவர் மீது எரிந்து விழுந்தேன்.

நாலைந்து நாளில் அயல் கமக்காரர்களின் புல்வெளியில் எல்லாம் தண்ணீர் நின்றது. வெட்டிப் போட்டிருந்த புல்லு ஊறியது. வாய்க்கால்களைப் பார்வையிடும் ஆட்கள் மூன்று பேர் உயர்ந்த சப்பாத்துப் போட்டுக்கொண்டு வந்து எங்கள் அணையைப் பார்த்தார்கள். அவர்கள் கோபிக்கவில்லை, அதுதான் எனக்கு வெட்கமாக இருந்தது. அந்தப் பக்கத்து மக்கள் தலைமுறை தலைமுறையாகத் தண்ணீரை வெளியே அனுப்பித்தான் உயிர் வாழ்கிறார்கள். ஒவ்வொரு வாய்க்காலும் மதகுக்குப் போய்க் கடலில் விழ வேண்டும். அதை மறித்து வைக்க யாருக்காவது மனம் வரும் என்று அவர்கள் நினைத்தும் பார்த்திருக்கவில்லை. ஒருவர் என்னைப் பார்த்து, "ஏன்?" என்று மட்டும் கேட்டார். நான் தண்ணீரில் நின்ற நாற்றைக் கையால் காட்டினேன்.

கமக்காரர் மண்வெட்டியோடு இறங்கினார். எங்கள் வயலுக்குள் இறங்கித்தான் அணையை உடைக்க வேண்டியிருந்தது. அவர் கால் சப்பாத்தோடு முழங்கால் வரை புதைந்தது. தண்ணீர் சத்தத்தோடு போனது. அக்கா குனிந்து நாற்றுகளைப் பிடுங்கி வாளியில் போடத் தொடங்கினார். நானும் பிடுங்கினேன்.

எங்கே நடுவது? புல்வெளியில் மாடுகள் தண்ணீர் குடிக்க ஒரு பழைய குளியல் தொட்டி கிடந்தது. அந்தப் பக்கத்துப் பண்ணை எல்லாவற்றிலும் அப்படி ஒன்று கிடக்கும். மனிதர் குளித்து முடித்த தொட்டி மாட்டுக்கு. அதைத் தக்காளி வளர்க்கும் கண்ணாடி வீட்டுக்குள் இழுத்துக்கொண்டு போவோம் என்றேன். அதன் எடையை நான் யோசிக்கவில்லை. நாங்கள் மூவரும் இழுத்தும் அசையவில்லை. அடுத்த நாள் காலை போனபோது தொட்டி கண்ணாடி வீட்டுக்குள் இருந்தது. புல்லில் டிராக்டர் தடம் இருந்தது. அக்கா தொட்டிக்குள் களியைக் கொட்டத் தொடங்கியிருந்தார்.

அந்தக் கோடை முழுவதும் தொட்டிதான் எங்கள் வயல். பிழைத்த நாற்றுகளை நெருக்கி நட்டோம். அதற்குள் வெளிநாட்டவர் அலுவலகத்திலிருந்து என் பெயருக்கு ஒரு டெர்மின் வந்தது, இந்த நாளில் நேரில் வா என்று. பண்ணையில் வேலை செய்கிறாயா என்று கேட்டார்கள். யாரோ சொல்லியிருக்கிறார்கள்.

"என்ன வேலை?" என்றார் மொழிபெயர்க்க வந்த அண்ணை.

"குளியல் தொட்டியில நெல்லு வளர்க்கிறன் எண்டு சொல்லுங்கோ, அண்ணை."

அவர் என்னை ஒரு மாதிரிப் பார்த்தார். "தங்கச்சி, அதை நான் ஜெர்மனில சொல்ல ஏலாது. பூமரத்துக்குத் தண்ணி விடுறா எண்டு சொல்லுறன்." அப்படியே சொல்லி என்னைக் காப்பாற்றிவிட்டார்.

ஆவணி கடைசியில் பயிர் குடலை தள்ளியது, உள்ளே கதிரைப் பொதிந்துகொண்டு தண்டு பருத்தது. புரட்டாதியில் கதிர் வந்தது. கதிர் வந்ததும் குளிரும் வந்தது. விரலால் நசுக்கிப் பார்த்தால் அரைவாசிக்கு மேல் சப்பி, உள்ளே ஒன்றும் இல்லாத வெறும் உமி. மீதியில் பால் பிடித்திருந்தது, ஆனால் முற்றவில்லை. மாலையில் கண்ணாடி வீட்டில் சாக்குகளைத் தொங்கவிட்டோம். மாட்டுச் சாணத்தைத் தொட்டியைச் சுற்றிக் குவித்தோம். அந்தச் சூடு கொஞ்சம் உதவியது.

ஆண்டு நிறைவுக்கு மூன்று நாள் இருக்கும்போது அக்கா கத்தரிக்கோலோடு வந்தார்.

"வெட்டப் போறன்."

"இன்னும் பச்சை. நசுக்கினால் மாப்போல வருது, பாருங்கோ."

"பச்சையாத்தான் வெட்டவேணும். எங்கட ஊரில முற்ற முன்னம் வெட்டி, வறுத்து, இடிச்சு, பச்சை அவல் செய்வினம். அம்மாவுக்கு விருப்பம்."

"வெட்டினால் விதை இல்லை, அக்கா! சாக்கைப் போட்டு இன்னும் ஒரு மாதம் காப்பாத்துவம். பத்துக் கதிர் முற்றினாலும் அடுத்த வருசம் போடலாம்."

"பனி வந்தால் அதுவுமில்லை, இதுவுமில்லை."

நான் கத்தினேன். உண்மையில் அந்த நெல் அக்காவின் தாயுடையது என்பது எனக்கு மறந்துபோயிருந்தது. முல்லைத்தீவில் எங்கள் வயலில் அப்போது யாரும் விதைக்க முடியவில்லை. ஊரில் இந்திய இராணுவம் நின்றது. வீட்டார் எங்கே என்று எனக்குச் சரியாகத் தெரியவில்லை. உலகத்தில் எனக்கு இருந்த ஒரே பயிர் அந்தத் தொட்டியில்தான் நின்றது. அதை வெட்டாதே என்று நான் கெஞ்சினேன். அக்கா நான் முடிக்கும்வரை கேட்டுக்கொண்டிருந்தார். பிறகு ஒவ்வொரு கதிராகப் பிடித்து வெட்டினார். நான் கூடையைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

உரல் இல்லை. விறகு கொத்தும் கட்டையின் நடுவில் ஒரு குழி இருந்தது. வேலித்தடி ஒன்றை உலக்கையாக்கி மாறி மாறி இடித்தோம். கேக் சுடும் தட்டில் போட்டு முற்றத்தில் புடைத்தோம். அந்த ஊரில் காற்றுக்கு மட்டும் பஞ்சம் இல்லை. கடைசியில் தட்டில் மிஞ்சியது இரண்டு கைப்பிடி. பச்சை நிறம், தட்டையாக, வெட்டிய புல்லும் வறுத்த அரிசியும் கலந்த மணம்.

ஆண்டு நிறைவன்று மேசையில் நான்கு கிண்ணங்கள் இருந்தன. நான், என் கணவர், அக்கா என்று மூன்றைத்தான் எண்ணி வந்திருந்தேன்.

"அவரும் சேற்றில கால் வைச்சவர்தானே," என்றார் அக்கா, என் முகத்தைப் பார்த்துவிட்டு.

"உடைக்கத்தானே வைச்சவர்!"

"எங்கட ஊரில ஏன் வைச்சாய் எண்டு கேக்கிறேல்லை."

கமக்காரர் கைகழுவி, தலைவாரி, ஞாயிற்றுக்கிழமைச் சட்டை போட்டுக்கொண்டு வந்து உட்கார்ந்தார். அக்கா தாயின் படத்துக்கு முன்னால் மெழுகுதிரி கொளுத்திச் செபம் சொன்னார். டின் தேங்காய்ப்பாலில் ஊறிய அவலைச் சீனி சேர்த்து நான்காகப் பங்கிட்டார். ஆளுக்கு நாலு கரண்டி வந்திருக்கும். மெதுவாகச் சாப்பிட்டோம். எனக்குப் பல்லில் அகப்பட்ட ஒரு உமியைக்கூடத் துப்ப மனம் வரவில்லை.

கமக்காரர் இரண்டு கரண்டி சாப்பிட்டார். நெடுநேரம் மென்றார். பிறகு அக்காவைப் பார்த்து, "விதைக்கு எவ்வளவு வைத்திருக்கிறாய்?" என்று கேட்டார்.

"இல்லை," என்றார் அக்கா.

"கொஞ்சமும்?"

"கொஞ்சமும் இல்லை. இதுதான் எல்லாம்."

அவர் கரண்டியைக் கீழே வைத்துவிட்டார். வாய்க்காலை மறித்து அயலில் தலைகுனிய வைத்தபோதுகூட அவர் முகம் அப்படி மாறவில்லை. தன் கிண்ணத்தில் மிஞ்சியிருந்ததைப் பார்த்துக்கொண்டே இருந்தார். அவரும் கமக்காரர்தானே. விதையைச் சாப்பிட்டு முடிப்பது என்றால் என்ன என்று அந்த மேசையில் அவருக்கு யாரும் விளக்க வேண்டியிருக்கவில்லை.

"உன் அம்மாவின் நெல் அயலில் யாரிடமாவது இருக்கும்," என்றார் மெதுவாக. "விதை ஒரு வீட்டில் மட்டும் இருக்காது. மாசியில் போ. போய் எடுத்துக்கொண்டு வா."

அக்கா அவரை நேராகப் பார்த்தார். "மாடுகளை ஆர் கறக்கிறது?"

அது அவருடைய சொந்தக் கேள்வி. ஒரு வருடம் கழித்து அவரிடமே திரும்பி வந்திருந்தது. அவர் காது வரை சிவந்துபோனார். பதில் தேடி ஜன்னலைப் பார்த்தார், மேசையைப் பார்த்தார், கடைசியில் எங்கள் இருவரையும் பார்த்தார்.

ஜெர்மன் அவ்வளவு புரியாத என் கணவர், "என்னவாம்?" என்று கேட்டார்.

"மாசியில மாடு கறக்க ஆள் வேணுமாம்."

மாட்டைக் கண்டால் வேலிக்கு மறுபக்கம் போகிறவர் அவர். எங்களுக்கு வேலை செய்ய அனுமதி இல்லை என்பதும் அவருக்குத் தெரியும். அக்காவின் நெஞ்சில் இருந்த கறுப்பு நாடாவைப் பார்த்தார்.

"ஓம் எண்டு சொல்லு," என்றார்.

நான் சொன்னேன். சாப்பிட்டதும் கழற்ற வேண்டிய அந்த நாடாவை அக்கா அதுவரை கழற்றியிருக்கவில்லை. இப்போது ஊசியை எடுத்து, நாடாவை மடித்து, தாயின் படத்துக்கு முன்னால் வைத்தார். பிறகு கமக்காரர் கீழே வைத்த கரண்டியை எடுத்து அவர் கையில் கொடுத்தார்.

"மிச்சத்தையும் சாப்பிடுங்கோ," என்றார்.